அச்சுக்காரர் மாரிசாமியும் துரையின் கோட்டும்

தன்மீது எழுதப்பட்ட குற்றப்பத்திரிகையைத் தானே அச்சடித்து, தானே உறையிலிட்டு, தானே எடுத்துப்போய்த் தனக்கே கொடுத்து, தபால் புத்தகத்தில் 'பெற்றுக்கொண்டேன்' என்று தானே கையெழுத்தும் போட்ட மனிதர் பதுளையில் ஒருவர்தான் உண்டு. அவர் பெயர் மாரிசாமி. 1986ஆம் ஆண்டு ஆவணியில், ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு இது நடந்தது. கையெழுத்தைப் போட்டு, புத்தகத்தை மூடி, மேசையில் வைத்த பிறகுதான் உறையைப் பிரித்து வாசித்தார். அச்சில் வரும் எதையும் வாசிக்கக் கூடாது என்பது அவர் தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். தன் பெயருக்கு வந்த கடிதம் என்றால் மட்டும் விதிவிலக்கு.

கடிதத்தின் சாரம் இதுதான். கந்தோர் என்னும் அலுவலகத்தின் தலைவரான பெரிய துரையின் இரகசியக் கோவை ஒன்று அங்கே பக்கம் பக்கமாக உலாவுகிறது. அதை அச்சிட்ட மெஷினுக்குப் பொறுப்பாளி மாரிசாமி. ஆகவே திருடன் மாரிசாமி. இல்லையென்றால், வெள்ளிக்கிழமை பத்து மணி விசாரணையில், திருட்டு எப்படி நடந்தது என்று அவரே காட்ட வேண்டும். காட்டத் தவறினால் வேலை போகும். வேலையோடு, கந்தோருக்குப் பின்னால் உள்ள இரண்டு அறைக் குவார்ட்டர்சும் போகும்.

குவார்ட்டர்ஸ் போனால் எங்கே போவது? பூனாகலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் தம்பியின் ஓர் அறைக் காம்பரா இருக்கிறது. அதில் ஏற்கெனவே ஏழு பேர். மாரிசாமியின் மனைவி ஜெயலெட்சுமி பதினைந்து வருடம் அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள். பதுளைக்கு வந்த அன்றைக்கே தலைக்கயிற்றையும் கூடையையும் அடுத்த வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டு வந்தவள். "செத்தாலும் இனி வேலைக்குப் பேரு குடுக்கப் பெரட்டுக் களத்துல போயி நிக்க மாட்டேன்" என்று அவள் சொன்னது மாரிசாமியின் காதில் அப்போதும் கேட்டது. கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, மெஷினுக்குத் தாள் வைக்கப் போனார்.

மாரிசாமிக்கு அப்போது நாற்பத்திரண்டு வயது. ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டங்கள் சிலவற்றை மேய்த்துக்கொண்டிருந்த அந்தக் கந்தோரில் பதினான்கு வருடம் பிரதி எடுக்கும் ரோனியோ மெஷின் சுற்றியவர். கை எப்போதும் கறுப்பு மையில் இருக்கும்; சோற்றைக்கூடக் கரண்டியால்தான் சாப்பிடுவார். இரண்டு வருடத்துக்கு முன் கொழும்பிலிருந்து கம்பியூட்டர் வந்து இறங்கியபோது, அதோடு கூடவே வந்த அச்சு மெஷினை யாரிடம் ஒப்படைப்பது என்று பெரிய யோசனை நடந்தது. "மை பட்டால் கவலைப்படாதவன் மாரிசாமிதான்" என்று பெரிய கிளாக்கர் ஹுமைத் சொன்னார். அந்த ஒரு தகுதியில் நியமனம் ஆனது.

கம்பியூட்டர் வந்த கோலாகலத்தைச் சொல்ல வேண்டும். பெரிய துரை அம்பேபிட்டிய மாத்தயா வெற்றிலைத் தட்டு வைத்து விளக்கேற்றினார். ஹுமைத் கையேந்தி துவா ஓதினார். டிரைவர் தேங்காய் உடைக்கப் போனதை மட்டும், தண்ணீர் பட்டால் செத்துவிடும் என்று சொல்லித் தடுத்தார்கள். அந்த அறைக்குள் செருப்புப் போட்டுப் போகக் கூடாது, இருமக் கூடாது, பெரிய துரையே ஆனாலும் சுருட்டுப் பற்றவைக்கக் கூடாது. பதுளையில் மின்விசிறி இல்லாமல் மனிதர்கள் வெந்துகொண்டிருந்தபோது, அந்தப் பெட்டி மட்டும் குளிர் அறையில் இருந்தது. அச்சு மெஷின் பக்கத்து அறையில். சுவரில் ஓட்டை போட்டு வயர் இழுத்திருந்தார்கள்.

மெஷினுக்குள்ளே ஒவ்வொருவருக்கும் ஓர் அலுமாரி உண்டு என்று சொல்லிக் கொடுத்தார்கள். அவரவர் பெயரையும் இரகசியச் சொல்லையும் தட்டினால் அவரவர் அலுமாரி மட்டும் திறக்கும். அடுத்தவருடையது திறக்காது. பெரிய துரையின் அலுமாரியை ஆண்டவன் வந்தாலும் திறக்க முடியாது. மாரிசாமிக்கும் ஓர் அலுமாரி கொடுத்தார்கள். அதற்குள் ஒன்றுமில்லை. இருந்தாலும் வாரம் ஒரு தரம் திறந்து பார்த்து, ஒன்றுமில்லை என்று உறுதி செய்துகொள்வார்.

யாராவது ஒன்றை அச்சடிக்கச் சொன்னால், முதலில் ஒரு தனித் தாள் வரும். கேட்டவர் பெயர் அதில் கொட்டை எழுத்தில் இருக்கும். பின்னால்தான் கேட்ட விஷயம் வரும். மாரிசாமி பெயரைப் பார்த்து, விஷயத்தை அந்த ஆளின் மேசையில் கொண்டுபோய்க் குப்புற வைத்துவிடுவார். பெயர்த்தாள் யாருக்கும் வேண்டாம். அதன் பின்பக்கம் முழுக்க வெள்ளை. நல்ல தாளைக் குப்பையில் போடும் பாவத்தை அவர் செய்ததில்லை. சேர்த்து வைத்து, மாலையில் பஸ் ஸ்டாண்ட் கடலைக்காரர் ஸரூக் நானாவிடம் கொடுப்பார். நானா அதில் சுருள் செய்து கடலை விற்பார், மாரிசாமிக்கும் ஒரு சுருள் தருவார்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த இடத்தில், ஓட்டையைக் கண்டுபிடித்தது டைப்பிஸ்ட் ஸவாஹிரா. பதுளை பஸாரில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகள். வேலையில் சுட்டி, சிரிப்பில் அதைவிடச் சுட்டி. அவள் கண்டுபிடிக்க நினைத்துக் கண்டுபிடிக்கவில்லை. பழக்கதோஷம்தான் காரணம். ரோனியோ காலத்தில் எந்தத் துண்டுச் சீட்டிலும் முதலில் 'பெரிய துரை' என்று எழுதி, அதன் கீழேதான் விஷயத்தை எழுத வேண்டும். இல்லாவிட்டால் மாரிசாமி மையைத் தொட மாட்டார். லீவு விண்ணப்பத்துக்கும் பெரிய துரை, விளையாட்டுப் போட்டி நோட்டீசுக்கும் பெரிய துரை. அந்தப் பழக்கத்தில், 'ஊழியர் பட்டியலில் என் பக்கத்தை அச்சடி' என்று தட்ட வேண்டியவள், முன்னால் பெரிய துரையின் பெயரையும் சேர்த்துத் தட்டிவிட்டாள். மெஷின் அதைப் பெரிய துரையின் அலுமாரி என்று எடுத்துக்கொண்டது. உனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கவில்லை. அந்த அலுமாரியைத் திறந்து, அதிலிருந்த ஊழியர் பட்டியலில் அவள் பக்கத்தை அச்சடித்துக் கொடுத்துவிட்டது.

அது சாதாரணப் பட்டியல் இல்லை. கந்தோரில் வேலை செய்யும் ஒவ்வொருவரைப் பற்றியும் பெரிய துரை மேலிடத்துக்கு எழுதி வைத்திருந்த அந்தரங்க அறிக்கை; ஆளுக்கு ஒரு பக்கம். ஸவாஹிராவின் மேசையில் குப்புற வந்து கிடந்தது அவளைப் பற்றிய பக்கம். 'வேகமாக வேலை செய்வார்; அதைவிட வேகமாகச் சிரிப்பார்' என்று இருந்தது. அதை வாசித்தும் அவள் சிரித்தாள். பக்கத்து மேசைக்காரர் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். அவ்வளவுதான், எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று ஆளாளுக்குத் தங்கள் பக்கத்தை அச்சடித்துக்கொண்டார்கள். லுணுகலைக்கு ஜீப் ஓட்டும் டிரைவரைப் பற்றி, 'போகும்போது தேயிலை, வரும்போது பலாப்பழம்' என்று எழுதியிருந்தது. ஹுமைத்தைப் பற்றி, 'பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இவரையும் மேசையையும் பிரித்தறிய முடிவதில்லை' என்று இருந்தது. இரண்டு வாரத்தில் பதினொரு பேர் படித்துவிட்டார்கள். மாரிசாமி ஒருவர்தான் படிக்கவில்லை. பதினொரு பேருக்கும் கொண்டுபோய்க் குப்புற வைத்தவரும் அவர்தான்.

விஷயம் வெளியே வந்தது ஹுமைத்தால். ஒரு கூட்டத்தில், கொழுந்து லொறியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பெரிய துரையிடம் அவர் திடீரென்று எழும்பி, "சேர், நான் தூங்குறதில்ல. கண்ண மூடிக்கொண்டு யோசிக்கிற" என்றார். யாரும் கேட்கவேயில்லை. பெரிய துரையின் முகம் மாறிப்போனது. அந்த வாக்கியம் தன் அலுமாரியைத் தவிர வேறெங்கும் இல்லை என்பது அவருக்குத் தெரியும்.

பிறகு நடந்த பாதுகாப்பு ஏற்பாடுகள் இருக்கின்றனவே! கொழும்பிலிருந்து ஷுக்ரி என்ற இளம் இன்ஜினியர் வந்தார். இரண்டு நாள் சோதித்தார். 'வெளியிலிருந்து எவனும் இந்தக் கம்பியூட்டருக்குள் நுழைய முடியாது' என்று பதினான்கு பக்க அறிக்கை எழுதினார். அது முழு உண்மை; அந்தப் பெட்டிக்கு வெளியுலகத்தோடு இருந்த ஒரே தொடர்பு மின்சார வயர்தான். பெரிய துரைக்கு அது போதவில்லை. அச்சு மெஷினைச் சுற்றிக் கோழிக்கூட்டுக் கம்பிவலை அடித்தார். கூட்டுக்குப் பூட்டுப் போட்டு, சாவியை மாரிசாமியிடமே கொடுத்தார். அப்புத்தளைத் தோட்டமொன்றிலிருந்து வீரசிங்கம் என்ற காவல்காரரைக் கைத்தடிப் பொல்லோடு வரவழைத்து, அச்சறை வாசலில் தெருவைப் பார்த்து நிறுத்தினார். வீரசிங்கம் இமை கொட்டாமல் தெருவைப் பார்த்தார். அவர் முதுகுக்குப் பின்னால் மெஷின் இரகசியங்களைக் கிரீச் கிரீச் என்று துப்பிக்கொண்டிருந்தது. திருடன் தெருவில் இல்லை, உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. வெளியிலிருந்து எவனும் வரவில்லை என்று வீரசிங்கம் சத்தியம் செய்தார். அப்படியானால் கூட்டுக்குள் நிற்கும் ஒரே ஆள்தான் திருடன் என்று பெரிய துரை முடிவு கட்டினார்.

"மாரிசாமி, நீ நல்ல மனுசன்தான். ஆனா உள்ளே வேற ஆள் இல்லை நே?" என்றார்.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. பதினொரு பேரும் தங்கள் கோவைகளை மும்முரமாகப் புரட்டிக்கொண்டிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமைதான் மாரிசாமிக்குப் பெயர்த்தாள்கள் ஞாபகம் வந்தன. கேட்டவர் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கிறதே! சாட்சி என்றால் அதுதான் சாட்சி. வேலை முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார்.

"நானா, நான் குடுத்த பேப்பரு மிச்சம் இருக்கா?"

"எல்லாம் சுருளாப் போச்சி மாரி. தா, அந்த பண்டாரவளை பஸ்ஸுல ஈக்கிற ஆக்கள்ட கையில ஈக்குது பாரு."

மாரிசாமி பஸ்ஸுக்குள் ஏறினார். கடலை தின்றுகொண்டிருந்த ஒவ்வொருவரிடமும், "ஐயா, தின்னு முடிச்சிட்டு அந்தச் சுருளக் குடுத்துடுங்க" என்று கையேந்தி நின்றார். ஒருவர் பைத்தியம் என்று நினைத்துக் கடலையோடு கொடுத்தார். ஒரு கிழவி, "எம் பேரனுக்கு வாங்கினது, தர மாட்டேன்" என்று மடியில் ஒளித்தாள். கொண்டக்டர் மணி அடித்து அவரை இறக்கிவிட்டார். அடுத்த பஸ், அதற்கடுத்த பஸ் என்று இரண்டு நாள் மாலையும் அலைந்து, ஸரூக் நானாவின் தட்டுக்கு அடியில் கசங்கிக் கிடந்தவற்றையும் சேர்த்துப் பொறுக்கி, பிரித்து நீவிப் பார்த்தால், அந்த இரண்டு வாரத்துத் தாள்கள் வரிசையாக இருந்தன. உப்பும் மிளகாய்த்தூளும் படிந்த பெயர்கள். ஸவாஹிரா. ஹுமைத். டிரைவர். ஒருவர் விடாமல் பதினொரு பேரும்.

இதற்கிடையில், புதன்கிழமை காலை கந்தோரில் ஸவாஹிரா கண் கலங்க வந்து நின்றிருந்தாள்.

"மாரி அண்ணே, நான் வேணுமெண்டு செய்யல்ல. பழைய பழக்கத்துல துரைட பேரப் போட்டுட்டன். மெஷின் மறுக்கல்ல, தந்திட்டுது. நான் போய்ச் சொல்லவா?"

"நீ சும்மா இரு தங்கச்சி. பாப்பம்" என்றார் அவர். பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரியவில்லை.

சுருள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படியில் பரப்பியதும் ஜெயலெட்சுமிக்கு உயிர் வந்தது. "இத அப்படியே துரை மூஞ்சில விட்டெறிங்க. யாரு யாருன்னு அவரே பாத்துக்கட்டும்!"

"எறிஞ்சா பதினோரு பேரும் வீட்டுக்குப் போவாங்க. ஓட்ட அங்கயேதான் இருக்கும். அடுத்த மாசம் பன்னெண்டாவதா ஒருத்தன் எடுப்பான். அப்பவும் என்னையத்தான் புடிப்பாங்க."

"பெரிய தர்மபுத்திரரு! நாம தெருவுல நிக்கப் போறோம், நீங்க ஓட்டையப் பாத்து அழுவுறீங்க." ரொட்டிக் கல்லைத் தடாலென்று அடுப்பில் வைத்தாள். "யாரு கேக்குறா, எவன் கேக்குறான்னு பாக்காம, துரை அலுமாரிக்குள்ள போயி எடுத்துட்டு வந்து குடுக்குற மெஷினு! ஒங்கப்பா கேக் எடுத்துக் குடுத்த கதையால்ல இருக்கு!"

மாரிசாமி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பூனாகலையில் அந்தக் கதை தெரியாதவர் இல்லை. மாரிசாமியின் அப்பா வீரய்யா, வெள்ளைக்காரத் துரை காலத்தில் பங்களாவின் தபால்காரர். துரை அவருக்குப் பித்தளைப் பொத்தான் வைத்த காக்கிக் கோட்டு ஒன்று கொடுத்திருந்தார். அந்தக் கோட்டைப் போட்டால் பங்களா வாசல் கேற்றுக் காவல்காரன் சலாம் வைப்பான். பங்களா நாய் டைகர் வாலாட்டும். எந்த அறைக்குள்ளும் போகலாம். வீரய்யா கோட்டைக் கழற்றுவதே இல்லை. ஒரு கிறிஸ்மஸுக்குத் துரை வீட்டில் பெரிய கேக் வந்திறங்கியது. கணக்கப்பிள்ளை, "வீரய்யா, வரும்போது ஒரு துண்டு" என்றார். கங்காணி ஒரு துண்டு என்றார். லயத்தில் முக்கால்வாசிப் பேர் ஒரு துண்டு என்றார்கள். யார் என்ன கேட்டாலும் எடுத்து வந்து கொடுப்பதுதான் தபால்காரர் வேலை என்று வீரய்யா நினைத்திருந்தார். அப்படி இல்லை என்று அவருக்கு யாரும் சொன்னதும் இல்லை. மாலையில் துரை பார்த்தபோது தட்டு மட்டும் இருந்தது.

துரை அவரை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. ஒரு சட்டம் போட்டார். துரையின் காரியத்துக்கு வந்தால் கோட்டோடு வா. வேறு யாருடைய காரியத்துக்கும் வந்தால் கோட்டைக் கழற்றிக் கேற்று ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு உள்ளே வா. மிச்சத்தை டைகர் பார்த்துக்கொண்டது. அதற்கு ஆளைத் தெரியாது, கோட்டைத்தான் தெரியும். வீரய்யாவின் கெண்டைக்காலில் சாகும்வரை அந்தத் தழும்பு இருந்தது. அதற்குப் பிறகு கேக் களவே போகவில்லை.

"லெட்சுமி, மெஷினு கோட்டக் கழட்டல. அவ்வளவுதான் விசயம்!" என்று மாரிசாமி துள்ளி எழுந்தார். பிறகு பதினொரு சுருளையும் எடுத்து அடுப்புக்குள் போட்டார். ஜெயலெட்சுமி கத்தினாள், ஆனால் தாள் பற்றிவிட்டது. அன்றைக்குச் சாப்பிட்ட ரொட்டி கந்தோர் முழுவதின் பெயரிலும் வெந்த ரொட்டி. அதற்குப் பிறகு அவள் அவரோடு பேசவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை கூடியது. முறைப்பாடு செய்தவர் பெரிய துரை. முதல் சாட்சி பெரிய துரை. தீர்ப்புச் சொல்லப் போகிறவரும் பெரிய துரை. ஹுமைத் ஒவ்வொரு வார்த்தையாக எழுதிக்கொள்ள உட்கார்ந்திருந்தார். பகல் சாப்பாட்டுக்கு இன்னும் நேரம் இருந்ததால் விழித்திருந்தார். ஷுக்ரி தன் பதினான்கு பக்கத்தோடு கொழும்பிலிருந்து வந்திருந்தார்.

"சேர், நான் ஒண்ணும் பேச மாட்டேங்க. ஒரே ஒரு தடவ அச்சடிச்சுக் காட்டுறேன்" என்றார் மாரிசாமி.

"என்னத்த?"

"ஒங்க அலுமாரியில கடைசியா வச்சது எதுவோ, அத. எம் பேருல உள்ள போயி. எனக்கு அந்த மெஷினுல ஒரு அதிகாரமும் இல்லைங்க. என் அலுமாரியில ஒண்ணுமேயில்ல."

பெரிய துரை சிரித்தார். ஷுக்ரியைப் பார்த்தார். "முடியுமா?"

"முடியாது சேர். என்ட அறிக்கையில மூன்றாம் பக்கம்..."

"அப்போ செய்யட்டும்" என்றார் பெரிய துரை.

ஷுக்ரி செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர் அறைக்குள் போய் உட்கார்ந்தார். மாரிசாமி தன் பெயரைச் சொன்னார், தன் இரகசியச் சொல்லைக் காதில் சொன்னார். முன்னால் பெரிய துரையின் பெயரைப் போடச் சொன்னார். ஷுக்ரி நம்பிக்கையில்லாமல் தட்டினார். பக்கத்து அறையில், பூட்டிய கூட்டுக்குள், மெஷின் கிரீச்சிடத் தொடங்கியது. வாசலில் வீரசிங்கம் பொல்லை இறுகப் பிடித்துத் தெருவை முறைத்தார்.

முதலில் பெயர்த்தாள் வந்தது: மாரிசாமி. பிறகு ஒரு பக்கம். மாரிசாமி கூட்டைத் திறந்து, கிழித்து, வழக்கம்போல வாசிக்காமல், பெரிய துரையின் முன்னால் குப்புற வைத்தார்.

பெரிய துரை திருப்பிப் பார்த்தார். எழுத்து மேலே தெரியத் திருப்பியபடியே வைத்துவிட்டார்.

"சேர், சாட்சியத்தில என்னெண்டு எழுதுற?" என்று ஹுமைத் எட்டிப் பார்த்தார். வாசிக்கிற பழக்கம் தொற்றிவிட்டதால் சத்தமாகவே வாசித்துவிட்டார். "'விசாரணை முடிவு. சாட்சியங்களை நிதானமாகக் கேட்டு ஆராய்ந்ததில் மாரிசாமி குற்றவாளி எனக் கண்டேன். சேவையிலிருந்து நீக்கப்படுகிறார். குவார்ட்டர்ஸைப் பதினைந்தாம் தேதிக்குள் காலி செய்ய வேண்டும்.' தேதி..." ஹுமைத் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "தேதி வாற திங்கட்கிழமை போட்டிருக்கு சேர்."

மாரிசாமிக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். இரண்டு நாளாக அவர் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கியபோதே அந்தத் தாள் எழுதித் தயாராக இருந்திருக்கிறது. விசாரணைதான் பாக்கி.

"இது இரகசியக் கடிதம்!" என்று பெரிய துரை மேசையைக் குத்தினார். "இதை யாரும் எடுக்கக் கூடாது! எப்படி எடுத்தாய்?"

"அதக் காட்டத்தானேங்க கூப்பிட்டீங்க" என்றார் மாரிசாமி.

பெரிய துரைக்கு வழி இல்லை. ஓட்டை இல்லையென்றால், தன் கண் முன்னால் தன் அலுமாரியிலிருந்து வந்த தாளுக்கு என்ன கணக்குச் சொல்வது? ஓட்டை உண்டென்றால், மாரிசாமி திருடன் இல்லை. தாளை மடித்து இழுப்பறைக்குள் போட்டார். பிறகு, கௌரவம் குறையாமல், "நான் இதைத்தான் முதலிலிருந்தே சந்தேகப்பட்டேன். இன்ஜினியர், அடைத்துவிட்டுப் போ" என்று உத்தரவிட்டார்.

ஷுக்ரி பதினான்கு பக்கத்தையும் பைக்குள் செருகிவிட்டு, மாரிசாமியின் பக்கத்தில் முக்காலி இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அண்ணன், இது ஒங்களுக்கு எப்பிடி விளங்கின?"

மாரிசாமி கோட்டுக் கதையைச் சொன்னார். டைகர் கடித்த இடம் வந்ததும் ஷுக்ரி சிரிக்கவில்லை. தலையைச் சொறிந்தார்.

"சரிதான். அச்சடிக்கிற புரோகிராமுக்குப் பெரிய துரைட முழு அதிகாரமும் குடுத்து வச்சிருக்கு, மெஷினத் தொடணுமெண்டா அது வேணும். ஆனா யாரு கேட்டாலும் அதே அதிகாரத்தோட போய் அலுமாரியத் தொறக்குது. நாய் வாலாட்டுது. நான் ரெண்டு நாளா வெளிக் கேற்றையே பாத்துக்கொண்டு இருந்திருக்கன்."

சனிக்கிழமை காலை அவர் புரோகிராமின் ஒரு பிரதியில் கை வைத்தார். கேட்டவர் யாரோ, அவருடைய அதிகாரத்தோடு மட்டுமே அலுமாரிக்குப் போக வேண்டும். துரையின் கோட்டைக் கழற்றிவிட வேண்டும். முடித்துவிட்டு அச்சடிக்கச் சொன்னார்கள். ஒன்றும் வரவில்லை. ஸவாஹிரா கேட்டாலும் வரவில்லை, ஹுமைத் கேட்டாலும் வரவில்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று பெரிய துரை கத்தினார். ஷுக்ரிக்கு வியர்த்தது, அந்தக் குளிர் அறையிலும்.

மாரிசாமி வாசலில் நின்றே யோசித்தார். "தம்பி, கோட்டக் கழட்டிட்டு உள்ள போச்சு, சரி. கடுதாசிய எடுத்துக்கிட்டு வெளிய வந்ததும் திரும்ப மாட்டிக்கச் சொன்னீங்களா? மெஷினத் தொட கோட்டு வேணும்னீங்கல்ல. அது பனியனோட கேற்றுலயே நிக்குது பாவம்."

ஷுக்ரி நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு திரும்பி உட்கார்ந்து, இரண்டு வரி சேர்த்தார். மெஷின் கிரீச்சிட்டது. ஸவாஹிராவின் லீவு விண்ணப்பம் ஒழுங்காக வந்து விழுந்தது.

ஆனால் கந்தோரில் எல்லோரும் பயன்படுத்திய புரோகிராம் இன்னும் பழையதுதான். புதியதை அதன் இடத்தில் வைக்க ஷுக்ரி ஆயத்தமானபோது, அவர் பிளேன்டீ குடிக்க வெளியே போன இடைவெளியில், ஸவாஹிரா மெல்ல வந்தாள்.

"அண்ணே, நாங்க எல்லாரும் பாத்துட்டம். நீங்க மட்டும்தான் ஒங்கட பக்கத்தப் பாக்கல்ல. இன்னும் அஞ்சு நிமிசந்தான். நான் எடுத்துத் தரட்டா?"

மாரிசாமிக்கு ஆசை இல்லை என்று சொன்னால் பொய். பதினான்கு வருடம் ரோனியோ, இரண்டு வருடம் இந்தக் கிரீச்சல். தன்னைப் பற்றி ஒரு பக்கம் அங்கே இருக்கிறது. நல்லவன் என்று இருக்குமோ, லயத்து ஆள்தானே என்று இருக்குமோ. 'சரி' என்று சொல்ல வாயெடுத்தார். கையை மைத்துணியில் துடைத்தார். துடைக்க மை ஒன்றும் இருக்கவில்லை.

"வேணாம் தங்கச்சி. அடைக்கிறவனே எடுத்தா, வேலியே பயிர மேஞ்ச கதையாயிரும்."

ஷுக்ரி வந்து புதியதை வைத்தார். "ஒருத்தர் சோதிச்சுப் பாக்கணும் அண்ணன். அதிகாரமே இல்லாத ஆள்."

"அதுக்கு நாந்தான் சரியான ஆளு" என்றார் மாரிசாமி.

தன் பெயரில் போய், பெரிய துரையின் பெயரை முன்னால் போட்டு, தன்னைப் பற்றிய பக்கத்தையே கேட்டார். மெஷின் வாய் திறக்கவில்லை. திரையில் மட்டும் ஒரு வரி வந்தது: அனுமதி இல்லை. இரண்டாம் தரம் கேட்டார். அனுமதி இல்லை. மூன்றாம் தரமும் கேட்டார், சோதனைக்குத்தான் என்று சொல்லிக்கொண்டு.

திங்கட்கிழமை அவர் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. அதையும் அவரே அச்சடித்து, அவரே தனக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். குற்றச்சாட்டு வாபஸ், குவார்ட்டர்ஸில் தொடர்ந்து இருக்கலாம் என்று இருந்தது. கம்பிவலைக் கூட்டைக் கழற்றச் சொல்லி யாரும் எழுதவில்லை. காவலை விலக்கச் சொல்லும் கடிதம் பெரிய துரையின் அலுமாரியிலேயே தங்கிவிட்டதால், வீரசிங்கம் ஓய்வு பெறும்வரை அந்த வாசலில் தெருவைப் பார்த்தபடி நின்றார்.

அன்று மாலை ஜெயலெட்சுமி பேச்சைத் தொடங்கினாள். கடிதத்தை வாங்கி, வாசிக்கத் தெரியாவிட்டாலும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, அரிசி டின்னுக்குள் வைத்தாள். ரொட்டியும் சம்பலும் எடுத்து வைத்தாள்.

"அந்த மெஷினு இப்ப ஒழுங்கா வேல செய்யுதா?"

"நல்லா செய்யுது. எங்கப்பன் போன பங்களா கேற்றுலயும் என்னைய உள்ள விட்டதில்ல, துரைமாரு கிளப் வாசல்லயும் விட்டதில்ல. இப்ப நானே ஒரு கேற்றப் போட்டேன். அதுவும் மொத ஆளா என்னையத்தான் வெளிய நிறுத்திச்சு."

அவள் சிரிக்கப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு வரவில்லை. கொஞ்சம் சம்பலை அவர் தட்டில் கூடுதலாக வைத்தாள்.

"அப்ப ஒங்களப் பத்தி அவரு என்னதான் எழுதி வச்சிருக்காரு?"

"தெரியாது லெட்சுமி" என்றார் மாரிசாமி. "அது எனக்குத் தெரியாம இருக்கறதுக்குத்தான இத்தன பாடு."